சாலம்மாள் கேட்ட மூன்று புத்தகங்கள்

நூறு நாள் வேலைக்கு வருகிறவர்கள் காலையில் ஏரிக்கரையில் வரிசையாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மத்தியானத்துக்கு மேல் இன்னொரு போட்டோ. இரண்டிலும் முகம் விழுந்தால்தான் அன்றைய கூலி. அளந்து கொடுத்த குழியை வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்துவிட்டாலும் இரண்டாவது போட்டோ வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பெண்கள் எல்லாரும் கருவேல மரத்துக் கீற்று நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

சாலம்மாளுக்கு அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் எமன். கையில் மண்வெட்டி இருக்கும்வரை தலைக்குள் ஒன்றும் ஓடாது. உட்கார்ந்துவிட்டால் போதும், மகன் வந்துவிடுவான். மேற்கே கல்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்க்கக் கூடாதென்று அவள் கிழக்கே பார்த்து உட்காருவாள். அந்த மலையிலிருந்து இறங்கி வந்த வேனில்தான் இளவரசன் ஏறிப் போனான்.

அவள் திருநாவலூர்ப் பக்கம் பிறந்தவள். கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்தான். அப்போது இளவரசன் கைக்குழந்தை. தூளியைக் கரும்புத் தோட்டத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு அவளும் அதே கரும்பை வெட்டினாள். நடவு, களை, மரவள்ளி பிடுங்குவது என்று எதையும் விடவில்லை. பையன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய நாளில் அவள் கீழே வைத்த கத்தியில் காலை இடறிக்கொண்டான். இடது கணுக்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அவன் பத்தாவது முடித்து, ஐடிஐயில் பாதியோடு நின்று, மினி லாரிக்குக் கிளீனராகப் போய், அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தபோதுதான் அந்த ஏஜெண்டு வந்தான். கேரளாவில் மிளகு பறிக்கிற வேலை, சாப்பாடு போட்டுச் சம்பளம் என்றான். பொங்கல் கழிந்த வாரம். மலைப் பையன்கள் ஏற்கெனவே வேனில் இருந்தார்கள். "போய் எறங்குனதும் போன் போடறம்மா" என்று ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனான்.

வேன் கேரளாவுக்குப் போகவில்லை. ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போயிருக்கிறது என்று மாசி பிறந்த பிறகு மலைச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். இளவரசனின் போன் அணைந்து கிடந்தது. ஏஜெண்டின் போனும் அப்படியே. போலீஸ் ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டு, "தகவல் வந்தா சொல்றோம்மா" என்றார்கள்.

தகவல்தான் வரவில்லை, காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. குலசாமி முனியப்பனுக்கென்று நேர்ந்துவிட்டிருந்த கிடாவை, புயல் மழையில் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது சாலம்மாள் விற்றுவிட்டுத் தகரம் வாங்கிப் போட்டிருந்தாள். அது ஊருக்கே தெரியும். "சாமி சொத்தத் தொட்டா சும்மா வுடுமா?" என்று எதிரே வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். குறி சொல்கிறவள் அதையே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கச் சொன்னாள். புருஷனின் தம்பி தங்கதுரை நல்லவன், அண்ணி என்றால் உயிர். அவனும் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தக் கெடாவ மட்டும் வுட்டு வெச்சிருக்கலாம் அண்ணி" என்றான். அன்றிலிருந்து அவள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே படுப்பதில்லை. வாசலில்தான் படுத்தாள்.

வேலைத்தளத்தில் போட்டோ எடுக்கிற பொறுப்பு தேவிப்ரியாவுக்கு. பி.ஏ. படித்துவிட்டு சாலம்மாளின் தெருவுக்கு மருமகளாக வந்தவள். நிழலில் அவள் எப்போதும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். பங்குனி வெயில் ஏறிய ஒரு நாள், செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"இன்னாடி இது, பரீட்சைக்கா?" என்றாள் கண்ணகி. கண்ணகி வாயைத் திறந்தால் நிழலில் இருக்கிற அத்தனை பேரும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"கதைக்கா. பயமா இருக்கும். பேய்க் கத மாதிரி, ஆனா பேய் இல்ல."

"எங்க மாமியாகூட பதினெட்டு வருசம் குடித்தனம் பண்ணவ நானு. சத்தமா படி, எவ்ளோ பயமா இருக்குதுன்னு பாத்துருவோம்."

அப்படித்தான் தொடங்கியது. பின்னட்டையில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு கிழவரின் படம் இருந்தது. ஐம்பது வருஷமாகத் துப்பறியும் கதைகளாக எழுதித் தள்ளியவராம். தேவி பள்ளிக்கூடத்திலிருந்தே அவருடைய பாக்கெட் நாவல்களைத் தின்று வளர்ந்தவள். கடைசிக் காலத்தில் அவர், கொலையும் இல்லாத, கொலைகாரனும் இல்லாத மூன்று பெரிய புத்தகங்கள் எழுதினார். 'அடியில் இருப்பது', 'திரும்பிப் பாராதது', 'பெயர் இல்லாதது'. கள்ளக்குறிச்சி நூலகத்தில் மூன்றும் யாரும் எடுக்காமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

கதை கடலோரத்து உப்பளத்தில் நடக்கிறது. பாத்திகளுக்குக் கீழே, மண்ணுக்கும் பாறைக்கும் கீழே, கடல் உண்டாவதற்கு முன்பிருந்தே ஒன்று கிடக்கிறது. அது என்னவென்று கிழவர் எங்கேயும் சொல்லவில்லை. அது புரண்டு படுக்கிற போதெல்லாம் மேலே யாராவது காணாமல் போகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றில் கை வைத்த அடையாளம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். செம்பவளம் என்கிற உப்பளத்துக் கூலிக்காரியின் புருஷன் அப்படிப் போகிறான். பூசாரி ஒரு காரணம் சொல்கிறார். பட்டணத்து விஞ்ஞானி ஒரு காரணம் சொல்கிறார். ஒவ்வொரு காரணமும் அடுத்த ஆள் காணாமல் போகும்போது உடைந்துபோகிறது.

பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி ஒட்டி உட்கார்ந்தார்கள். கண்ணகி மட்டும், "எங்க வூட்டுக்காரர் சோத்துல கை வெச்சா மாடு வந்தாலும் எயுந்திரிக்க மாட்டாரு, அவர அது எப்டித் தூக்கிக்கினு போவும்?" என்றாள்.

சாலம்மாள் அதுவரை கேட்டும் கேட்காமலும்தான் இருந்தாள். அன்று தேவி படித்த பக்கத்தில், செம்பவளம் ஒரு வயதான உப்பளக்காரரிடம் போய், நான் என்ன பாவம் செய்தேன், எதற்காக என் புருஷனை எடுத்துக்கொண்டது என்று மண்ணில் விழுந்து அழுகிறாள். அவர் சொல்கிறார்: 'நீ கதவைச் சாத்துகிறாய். இடுக்கில் பல்லி மாட்டிச் சாகிறது. பல்லி மேல் உனக்கென்ன கோபம்? பல்லி செய்த பாவம் என்ன? நீ சாத்தினாய், அவ்வளவுதான். அதற்கு நாம் இருப்பதே தெரியாது.'

"அத இன்னொரு தபா படிம்மா" என்றாள் சாலம்மாள்.

தேவி நிமிர்ந்து பார்த்தாள். தையிலிருந்து சாலம்மாள் தானாக வாயைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை அது. மறுபடி படித்தாள்.

"அப்ப அதுக்குக் கோவம் இல்ல?"

"இல்லத்த. அதான் பயமே. கோவம் இருந்தாத்தான் சமாதானம் பண்ணலாமே."

தேவிக்கு அது பயம். சாலம்மாளுக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் ஒரு விரற்கடை நகர்ந்த மாதிரி இருந்தது. கிடா இல்லை. தகரம் இல்லை. அவள் செய்த எதுவும் இல்லை. எங்கேயோ ஒரு கதவு சாத்தியது, நடுவில் அவள் பிள்ளை இருந்துவிட்டான். இத்தனை மாதத்தில் ஊரில் ஒருத்தர்கூட இதை அவளிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறார். அன்று தூக்குச் சட்டியில் இருந்த கூழை வழித்துக் குடித்தாள்.

அதற்குப் பிறகு முதல் ஆளாக வந்து இரண்டு பேர் குழியைத் தான் ஒருத்தியே வெட்டினாள், சீக்கிரம் நிழலுக்குப் போகலாம் என்று. முதல் புத்தகம் முடிந்து இரண்டாவது தொடங்கியது. நிழலில் இருந்தவர்கள் குலைநடுங்கிப்போகும் இடங்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. வானத்து நட்சத்திரமெல்லாம் யாரும் பார்ப்பதற்காக எரியவில்லை என்று கிழவர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சாலம்மாள் தலையாட்டினாள்.

சித்திரை முடியும்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வெட்டிய குழிகளிலேயே ஆழமான குழிக்குள் இறங்கி, ஒரு கருங்கல்லை நட்டு, மஞ்சள் தடவினாள்.

"இன்னாக்கா, புதுசா ஒரு சாமியா?" கண்ணகி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுக்கு ஆதார் எடுத்தாச்சா?"

"போடி."

"கெடா கேக்குமா, கோழியா?"

"ஒண்ணும் கேக்காது."

"அப்ப நம்மூர்ப் பஞ்சாயத்து எலக்சன்ல நிக்காது."

நிழலில் எல்லாரும் சிரித்தார்கள். சாலம்மாள் சிரிக்கவில்லை. அவள் கணக்கு வேறு. முனியப்பனிடம் போய் நிற்க அவளுக்கு முகம் இல்லை. கிடாவைப் பற்றி அவர் கேட்பார். இதுவோ அவள்மேல் எந்தப் பாக்கியும் வைத்திருக்கவில்லை. கோபமில்லாத ஒன்றிடம் கூசாமல் போய்க் கேட்கலாமே. எடுத்தது இன்னதென்று தெரியாமல் எடுத்திருக்கிறது, சொன்னால் கொடுத்துவிடாதா? எதுவும் வேண்டாத ஒன்றுக்கு எதை நேர்ந்துகொள்வதென்று யோசித்து யோசித்து, உப்பளத்துக்கு அடியில் கிடப்பதாயிற்றே என்று உப்பை விட்டாள். பிள்ளை வரும்வரை நாக்கில் உப்புப் படுவதில்லை என்று அந்தக் கல்லின் முன்னால் சொன்னாள்.

உப்பில்லாத கூழும் உப்பில்லாத களியும். கத்திரி வெயிலில் மண் வெட்டுகிறவளுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒரு நாள் போட்டோ வரிசையிலேயே கண் இருட்டிச் சாய்ந்தாள். ஆனால் கல்லின் முன்னால் எலுமிச்சம்பழங்கள் சேர ஆரம்பித்திருந்தன. யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர் குடியை விடவேண்டும் என்று கண்ணகியே ஒரு தேங்காயை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து உடைத்தாள்.

தேவிக்குத் தூக்கம் போயிற்று. "அத்த, அது கத. அந்தப் பெரியவரு வூட்டுல ஒக்காந்துக்கினு எழுதுனது."

"முனியப்பன் கதையும் யாரோ ஒருத்தர் சொன்னதுதான?"

"அதுக்குக் காது இல்லன்னு புத்தகத்துலயே போட்டுருக்குதுத்த. நீங்க உப்பு உடறது அதுக்கு எப்டித் தெரியும்?"

"காது இல்லாங்காட்டி போவுது. கோவம் இல்லல்ல? எனக்கு அது போதும்."

இரண்டாவது புத்தகம் முடிந்தபோது ஆனி பிறந்துவிட்டது. மூன்றாவதைத் தேவி எடுத்து வந்து, வீட்டில் வைத்துத் தனியாகப் படித்து முடித்துவிட்டாள். ஏரிக்கு மட்டும் கொண்டுவரவில்லை. கேட்டபோதெல்லாம், நூலகத்தில் இல்லை, யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு முற்பகலில் தங்கதுரை டிவிஎஸ்ஸைக் கரைமேலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் முள்ளில் சாய்த்துவிட்டு வந்தான்.

"அண்ணி, ஸ்டேஷன்லருந்து கூப்ட்டாங்க."

எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"ஆந்திரா பக்கம் காட்டுல ஒரு..." அவனுக்கு அந்தச் சொல் வரவில்லை. "முகம் தெரியிலயாம். இந்தப் பக்கத்து ஆளுங்கன்னு சந்தேகப்படறாங்க. காணோம்னு மனு குடுத்தவங்களையெல்லாம் வரச் சொல்றாங்க. கணுக்கால்ல தழும்பு இருக்குதான்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"நான் வரல."

"அண்ணி..."

"அது என் புள்ள இல்ல."

"பாக்காம எப்டி அண்ணி சொல்லுவ?"

"பாக்காத வரிக்கும் இல்ல, தங்கதுர. போ. பாத்துட்டன்னா அப்பறம் நான் யாருக்கு உப்பு உட்டுக்கினு இருப்பேன்?"

"ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்களாம். அனாதைன்னு பொதைச்சுருவாங்க. நம்ம புள்ளையா இருந்தா அண்ணி?" அவன் ஏரிக்கரை என்றும் பாராமல் வாய்விட்டு அழுதான். அவள் குழிக்குள் இறங்கிக் கல்லின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் நேராக மண்டையில் அடித்தது. யார் கூப்பிட்டும் இரண்டாவது போட்டோவுக்கு மேலே வரவில்லை. அன்றைய கூலி போயிற்று.

சாயங்காலம் தேவியின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"மூணாவது புக்கு ஒங்கிட்டதான இருக்குது? அதுல அவ புருசன் திரும்பி வரானான்னு எனக்குத் தெரியணும். வந்தான்னா நான் போவ மாட்டேன்."

"வரலன்னா?"

சாலம்மாள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் தேவி புத்தகத்தோடு வந்தாள். கண்ணகிகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கிறேன் என்று தேவி பிரித்தாள். உப்பளத்தில் நிலம் பிளந்து ஒரு பெரும் பள்ளம் விழுகிறது. செம்பவளம் அதற்குள் இறங்குகிறாள். அதுவரை தேவியின் குரல் சரியாக வந்தது. பிறகு கொஞ்சம் வேகமாயிற்று. "அப்போது அது மெல்லக் கண் திறந்தது. அவளைப் பார்த்தது. பெண்ணே, உன் தவத்தில் நெஞ்சு குளிர்ந்தேன், இனி உன் துயரம் தீர்ந்தது, உன் கணவனை அழைத்துப் போ என்றது. செம்பவளம் கண்ணீரோடு கைகூப்பினாள்..."

நிழல் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பாடா, குடுத்துடுச்சு" என்று கண்ணகி மார்பில் கை வைத்தாள்.

சாலம்மாள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தேவி, அது பேசுச்சா?"

"ஆமாத்த."

"காது இல்லாதது இவ தவத்த எப்டிக் கேட்டுச்சு?"

தேவி பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"நெஞ்சு குளுந்துச்சுன்னா, அதுக்கு முன்ன நெஞ்சு காஞ்சுகினு இருந்துச்சுன்னு அர்த்தம். அப்ப கோவமாத்தான் புடிச்சிக்கினு போச்சா? அவ மேல தப்பு இருந்துச்சா?" அவள் குரல் ஏறியது. "இது முனியப்பன் பேசற பேச்சு. குறிக்காரி பேசற பேச்சு. கண்ணாடிக்காரரு இத எழுதல. ரெண்டு புக்கு முச்சூடும் அந்த மனுசன் எனக்கு ஒரு ஆறுதல் வார்த்த சொன்னாரா? ஆறுதல்தான் ஊர்ல அத்தினி பேரும் சொல்றாங்களே. பொய் சொல்லாத ஆளு அவரு ஒருத்தருதாண்டி. அவரு வாயிலயும் நீ பொய்யப் போட்டுட்டியே."

தேவியின் கண்ணிலிருந்து நீர் புத்தகத்தின் மேல் சொட்டியது. "நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்த்த."

"நான் இன்னாத்தத் தாங்கலன்னு நீ பாத்த? இருக்கறதப் படி."

தேவி உள்ளதை உள்ளபடி படித்தாள். செம்பவளம் பள்ளத்தின் அடிவரை போகிறாள். போகாதே, பார்த்தால் பைத்தியம் பிடிக்கும் என்று எல்லாரும் தடுத்த இடம். அவள் பார்க்கிறாள். அது அங்கே கிடக்கிறது. திரும்பவில்லை. அவள் கேள்விக்கு அங்கே பதில் இல்லை, புருஷனும் இல்லை. கையால் தடவித் தடவி எல்லா மூலையிலும் தேடிவிட்டு மேலே ஏறி வருகிறாள். கரையில் நின்றவர்கள் என்ன கண்டாய் என்று கேட்கிறார்கள். 'போய்ப் பார்த்தேன்' என்கிறாள். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்தான்.

"அவ்ளோதானா?" என்றாள் கண்ணகி. "இதுக்கா மூணு புக்கு?"

"அவ்ளோதான்க்கா."

சாலம்மாள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அழவில்லை. "அவளுக்கும் தெரிஞ்சிருக்கும், அங்க ஒண்ணும் இருக்காதுன்னு" என்றாள். "அப்பிடியும் எறங்குனா பாரு." பிறகு தூக்குச் சட்டியைத் திறந்து, "கண்ணகி, ஒங்கிட்ட ஊறுகா இருக்குதா?" என்று கேட்டாள். கண்ணகி மாங்காய்த் துண்டு இரண்டை எடுத்து அவள் கூழில் போட்டாள். நாக்கில் உப்புப் பட்டதும் சாலம்மாளுக்கு உடம்பே சிலிர்த்தது. குழிக்குள் இருந்த கல்லின் பக்கம் அவள் திரும்பவில்லை.

அடுத்த நாள் தங்கதுரையோடு பஸ் ஏறினாள். திருவண்ணாமலை, வேலூர் என்று மாறி மாறி, எல்லையைத் தாண்டி, பெயர்ப் பலகை படிக்க முடியாத ஓர் ஊரில் இறங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பிணவறை. தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரர் இருந்தார். தங்கதுரை வாசற்படி வரை வந்து, அங்கேயே நின்றுகொண்டான். சாலம்மாள் தனியாக உள்ளே போனாள்.

முகத்தைத் திறக்க வேண்டாம், காலைக் காட்டினால் போதும் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். ஊழியர் துணியை முழங்கால் வரை தூக்கினார். இடது கால். காய்ந்து கறுத்துப்போயிருந்தாலும் கணுக்காலில் தோல் முழுசாக இருந்தது. கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. பிறை இல்லை. வலது காலையும் பார்த்தாள். விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். இளவரசனின் பாதத்தைவிடச் சின்னது. இன்னும் வளர வேண்டிய பாதம்.

"எம் புள்ள இல்ல" என்றாள்.

"நல்ல வேளம்மா" என்றார் போலீஸ்காரர்.

"இது யாரு?"

"தெரியலம்மா. நாலு குடும்பம் வந்து பார்த்துட்டுப் போய்ட்டாங்க. யாருமே தங்களுதுன்னு சொல்லல. நாளைக்குப் பொதைச்சுருவாங்க."

அவள் வெளியே வந்து தலையை அசைத்ததும் தங்கதுரை அப்படியே தரையில் உட்கார்ந்து, தலைக்குமேல் கைகளைக் குவித்து, தேம்பித் தேம்பி அழுதான். "இருக்கான் அண்ணி. நம்ம புள்ள இருக்கான்."

"அது தெரியாது" என்றாள் அவள். "இது அவன் இல்ல. அவ்ளோதான் தெரியும்." பின்னாலேயே வந்த போலீஸ்காரரிடம் திரும்பினாள். "ஐயா, இவன் போன் நம்பர எழுதிக்கோங்க. இன்னொண்ணு கெடைச்சாலும் சொல்லுங்க. எத்தினி கெடைச்சாலும் சொல்லுங்க, நான் வந்து பாக்கறேன்."

அவர் எழுதிக்கொண்டார். தங்கதுரை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வா அண்ணி, இப்ப கெளம்புனாத்தான் வேலூர் வண்டியப் புடிக்கலாம்."

"நீ போய் டீ குடிச்சிட்டு வா."

"நீ?"

"அந்தப் புள்ளைக்கு ஒருத்தரும் வரலியாம். அவங்கம்மா எந்த ஊர்ல வரமாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்காளோ." அவள் மறுபடி உள்ளே போகத் திரும்பினாள். "கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வரேன்."

"உள்ள உட மாட்டாங்க அண்ணி. வண்டி போயிடும்."

"போனாப் போவுது. அடுத்த வண்டி வரும்."

ஊழியர் ஏதோ தெலுங்கில் சொல்லித் தடுத்தார். போலீஸ்காரர் அவரைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக் கதவோரம் போட்டார். சாலம்மாள் அதில் உட்காரவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஈரத் தரையில், அந்தப் பையனின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.